ஒரே ஒரு தரம் கேட்பவர்கள்

யாராவது ஏதாவது நீட்டினால் நான் முதல் தரமே வாங்கிக்கொள்வேன். பல்கலைக்கழகத்தில் கூடப் படிப்பவர்கள் பிஸ்கற் பெட்டியைத் திறந்து சுற்றிக் காட்டும்போது, மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே என் கை போய்விடும். என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் யாழ்ப்பாணத்துப் பெண் இதைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டாள்: "உமக்கு வெக்கமே இல்லையப்பா. ஒரு தரம் எண்டாலும் வேண்டாம் எண்டு சொல்லும்." நான் சிரித்துக்கொண்டு இன்னொன்றையும் எடுத்தேன். ஒரு மனுசி ஆயுளில் சொல்லவேண்டிய வேண்டாம்களை எல்லாம் நான் பத்து வயதில், ஒரு சனி ஞாயிறுக்குள் சொல்லி முடித்துவிட்டேன் என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

அப்போதும் மொன்றியலின் இதே கோட்-டெ-நெய்ஜ் பகுதிதான். மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு குசினி. ஜன்னலுக்குக் கீழே சூடாக்கி இரவும் பகலும் தட்டிக்கொண்டிருக்கும். அப்பா முல்லைத்தீவில் கடலுக்குப் போனவர். மொன்றியலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் சட்டி கழுவினார். அம்மா ஐந்தாம் வகுப்பில் இடம்பெயர்ந்தபோது கீழே வைத்த புத்தகத்தைத் திரும்ப எடுக்கவேயில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தில் நிலைத்து நின்ற முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் ராணி மரியாதை இருந்தது. பிரெஞ்சு பேசிக் கடைக்குப் போய்வருவது நான். வீட்டுச் சொந்தக்காரரிடம் சூடாக்கியைப் பற்றி முறையிடுவது நான். நான் பேசும்போது அப்பா எனக்குப் பின்னால் கைகட்டி நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

அந்தப் பனிக்காலத்தில் எங்கள் அகதி வழக்கு தோற்றது. மேன்முறையீடும் தோற்றது. மரங்கள் துளிர்க்கும் முன் மூன்று பேரும் திரும்பிப் போய்விட வேண்டும் என்று முடிவாகிவிட்டது. இது எனக்குத் தெரியாது. பெரியவர்கள் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள் என்பது மட்டும் தெரியும். எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் ஒரு மாமி இருந்தார். யாருக்கும் உறவில்லை, எல்லோருக்கும் மாமி. இங்கே வந்து முப்பது வருடம். ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு. அந்த மாமிதான் எங்கள் வக்கீலிடமும் கூடப் போய்வந்தார். பெற்றோருக்கு வழி இல்லை, ஆனால் பொறுப்பு எடுக்க ஒரு நல்ல குடும்பம் கிடைத்தால் பிள்ளையை இங்கேயே வைத்துப் படிப்பிக்க முயற்சி செய்து பார்க்கலாம் என்று அந்த வக்கீல் சொல்லியிருந்தார்.

அப்படி ஒரு குடும்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புதிதாக வந்த பிள்ளைகளுக்காக எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓர் ஏற்பாடு: இந்த நாட்டுக் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையை நூலகத்துக்கும் பனிச்சறுக்கு மைதானத்துக்கும் கூட்டிப்போய்ப் பிரெஞ்சு பழக்குவார்கள். எனக்கு வாய்த்தவர்கள் நகரத்துக்கு வெளியே, லவாலுக்கும் வடக்கே, தனி வீட்டில் இருந்த ஒரு கணவன் மனைவி. மனைவியை நான் மதாம் என்பேன். என் வயதில் அவர்களுக்கு ஒரு மகள், பெயர் லொறி. வீட்டில் வந்து இந்தப் பெயரைச் சொன்னபோது அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "லொறியோ? தம்பி பிறந்திருந்தா டிராக்டரோ?" என்று கேட்டார். அந்தப் பனிக்காலம் முழுதும் அப்பா சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மதாமுக்கு என்னைப் பிடிக்கும். தன் மகளைவிட நான் சுத்தமாகப் பிரெஞ்சு பேசுகிறேன் என்று ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார். அதைத்தான் மாமி பிடித்துக்கொண்டார். மதாமிடம் நேரே போய் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேவிட்டார். மதாம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளை ஒரு வார இறுதிக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கட்டும், அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு முக்கியம் என்றாராம்.

ஆக, அந்த இரண்டு நாள் எதற்கென்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சொன்னால் நான் போகமாட்டேன் என்று பயந்து அம்மா சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் ஒரு விருந்துக்குப் போகிறேன், அங்கே எங்கள் வீட்டின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான்.

சனிக்கிழமை காலை அம்மா எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டே பாடம் எடுத்தார்.

"கேள் பிள்ளை. தந்த உடனை பாய்ஞ்சு விழுந்து வாங்காதை. வேண்டாம் எண்டு சொல்லு. ரெண்டு மூண்டு தரம் கேப்பினம். பேந்து கொஞ்சமா எடு. சாப்பாட்டுக் கோப்பையை வழிச்சுத் துடைக்காதை, பாதியை விடு. காஞ்சதுகள் எண்டு நினைப்பினம்."

"மாட்டிறைச்சி தந்தா?"

"அதை எத்தினை தரம் கேட்டாலும் எடாதை."

"உடுப்பு, பொம்மை ஏதும் தந்தா?"

"அதுவும் அப்பிடித்தான். வேண்டாம் எண்டு சொல்லு. பிடிச்சு வைச்சுத் தந்தா வாங்கு."

சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் கேட்டார்: "பசிச்சா என்ன செய்யிறது?"

"பசிக்காது. இஞ்சை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுத்தான் போறாள்," என்றார் அம்மா. சொன்னபடியே பிட்டும் மீன்குழம்பும் மூச்சுமுட்டத் தீத்தினார்.

இதெல்லாம் எனக்குப் புதிதல்ல. வேண்டாம் என்பது எங்கள் வீட்டில் ஒரு பதிலே அல்ல. அது வணக்கம் சொல்வது மாதிரி. யார் வந்தாலும் அம்மா தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்பார். வந்தவர்கள் ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்பார்கள். அம்மா அதற்குள் கேத்திலை அடுப்பில் வைத்திருப்பார். ஒரு தரம் கேட்டதும் ஓம் என்றவர்களைப் பற்றி, அவர்கள் படியிறங்கிய பிறகு பேச்சு நடக்கும். ஒரு தரம் மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களைப் பற்றி அதைவிட மோசமாக நடக்கும்.

மதாம் வந்து காரில் ஏற்றினார். அம்மா பயத்தம் பணியாரம் செய்து, ஒரு வெற்று ஐஸ்கிரீம் வாளியில் நிறைத்து, வெறுங்கையோடு போகக்கூடாதென்று என் மடியில் வைத்தார். கார் நகரும்போது அம்மா கையசைக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நடைபாதைப் பனியில் நின்றார். குளிர் என்று நினைத்தேன்.

அந்த வீட்டைப் பற்றி எனக்கு இன்றைக்கும் குறை சொல்ல எதுவும் இல்லை. சூடாக்கி சத்தம் போடாது. எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டிலில் புதிய விரிப்பு விரித்து, மேசையில் ஒரு விளக்கும் வைத்திருந்தார்கள். அலுமாரியைத் திறந்து காட்டினார் மதாம். அது முழுக்கக் காலியாக இருந்தது. ஒரு இரவுக்கு வந்த பிள்ளைக்கு எதற்கு இத்தனை காலி அலுமாரி என்று நான் யோசிக்கவில்லை. பாவம், இவர்களிடம் உடுப்புக் குறைவு போல என்று நினைத்தேன்.

பணியார வாளியை மதாம் இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து பார்த்து, நன்றி சொல்லி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

மதியத்துக்கு ஏதோ சூப்பும் பாணும். "வேண்டுமா?" என்று மதாம் கேட்டார். வேண்டாம், நன்றி என்ற பொருளில் "நொன், மெர்சி," என்றேன், தலையைச் சற்றுச் சரித்து, அம்மா சொல்லித்தந்த மாதிரி. மதாம் புன்னகைத்தார். அகப்பை என்னைத் தாண்டி லொறியின் கிண்ணத்துக்குப் போனது. நான் அடுத்த தரத்துக்காகக் காத்திருந்தேன். முதுகை நேராக வைத்து, கைகளை மடியில் வைத்து, கேட்டால் உடனே சிறிதாகத் தலையாட்டும் முகத்தோடு காத்திருந்தேன். சூப் முடிந்தது. மேசை துடைக்கப்பட்டது.

காலையில் தின்ற பிட்டு துணை இருந்ததால் மதியத்தைக் கடந்தேன். பின்னேரம் லொறியோடு மேட்டிலிருந்து பனியில் சறுக்கி விளையாடியதில் பிட்டும் கரைந்தது. திரும்பி வந்தபோது மேசையில் ஆப்பிள் கேக். "ஒரு துண்டு?" "நொன், மெர்சி." லொறியின் தகப்பன் தோளைக் குலுக்கிவிட்டு அந்தத் துண்டைத் தானே எடுத்துக்கொண்டார். வாழைப்பழங்களும் பாணும் இருந்த இடத்தை மதாம் கையால் காட்டி, பசித்தால் நீயே எடுத்துச் சாப்பிடு, இது உன் வீடு மாதிரி என்றார். எனக்குக் காது சுட்டது. அடுத்த வீட்டுக் குசினியில் தானே எடுத்துத் தின்னும் பிள்ளைக்கு எங்கள் ஊரில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மட்டும் மதாம் கேட்காமலே என் தட்டில் மக்கரோனி வைத்துவிட்டார். அதன் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் உருகிக் கிடந்தன. நான் மெல்ல மெல்லச் சாப்பிட்டு, சரியாகப் பாதியில் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தேன். அந்தப் பாதியை விடுவதற்கு நான் பட்ட பாட்டை வேறு எந்தப் பரீட்சையிலும் பட்டதில்லை. மதாம் தட்டைப் பார்த்தார். கணவனைப் பார்த்தார். மிச்சம் நாயின் தட்டுக்குப் போனது. மஞ்சள் நிறத்தில் கன்றுக்குட்டி அளவு நாய். அந்த வீட்டில் எந்த நேரமும் கேட்காமலே சாப்பாடு வைக்கப்பட்ட ஒரே உயிர் அதுதான். நான் அதை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளும் நான் பெருமையாகத்தான் இருந்தேன். இதைச் சொல்லியாக வேண்டும். பசியில் காது இரைந்தது, ஆனால் ஒவ்வொரு வேண்டாமும் அம்மாவுக்கு நான் கொண்டுபோகும் பரிசு. இந்த வெள்ளைக்காரருக்கு ஒரு தமிழ்ப்பிள்ளை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். காலையில் எழுந்து விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து, தலையணையை நிமிர்த்தி, நான் அங்கே படுத்ததற்கு அடையாளமே இல்லாமல் செய்தேன். எட்டிப் பார்த்த மதாம், நித்திரை வரவில்லையா என்று கேட்டார். கட்டிலில் யாரும் படுக்கவில்லை என்று நினைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை என்னை மேப்பிள் பாகு காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். காட்டுக்குள் ஒரு மரக் கொட்டகை, கபான் என்பார்கள். பனி உருகத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில் ஊரே அங்கே போய்ச் சாப்பிடும். நீள மேசைகள், நீள வாங்குகள், முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள். ஒரு கிழவர் இரண்டு கரண்டிகளைத் தொடையில் தட்டித் தாளம் போட்டார். முட்டை, உருளைக்கிழங்கு, அவரைக்கொட்டை, பன்றித்தொடை, அப்பம் எல்லாம் பெரிய பெரிய தட்டுகளில் வந்தன. எல்லாவற்றின் மேலும் பாகை ஊற்றினார்கள். முட்டைக்கும் பாகு, பன்றிக்கும் பாகு. தட்டுகள் கைக்குக் கை மாறி மேசையைச் சுற்றி வந்தன. என் இடப்பக்கம் மதாம். ஒவ்வொரு தட்டும் வரும்போது என் பக்கம் திரும்பி, "வேண்டுமா?" என்றார். "நொன், மெர்சி." தட்டு என் மூக்கைக் கடந்து வலப்பக்கம் லொறியிடம் போகும். ஆவி முகத்தில் அடிக்கும். அடுத்த தட்டு வரும்.

எத்தனையோ தட்டுகள். ஒவ்வொன்றையும் பற்றி ஒரு தரம் கேட்டார்கள். ஒன்றைப் பற்றியும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. பின்னுக்கு வரவர மதாமின் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவர் கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்த்தார். நான் புன்னகைத்தேன். தட்டு போய்விட்டது.

வெளியே, மரத் தொட்டியில் வெள்ளைப் பனியை நிரப்பி, கொதிக்கும் பாகைக் கோடு கோடாக ஊற்றினார்கள். அது இறுகும்போது ஒரு குச்சியில் சுருட்டி எடுத்து நக்க வேண்டும். லொறியின் தகப்பன் ஒரு குச்சியை நீட்டினார். எந்தப் பிள்ளையும் மறுக்காது. நான் மறுத்தேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு லொறியும் தன் எச்சில் குச்சியை என் வாய்க்கு நேரே நீட்டினாள். அது பிள்ளைகளுக்குள்ளான விஷயம், வாங்கியிருக்கலாம். ஆனால் பழகிப்போன வாய் தானாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவள் "சரி" என்று தானே நக்கினாள்.

நான் கொட்டகைக்குப் பின்னால் போய், யாரும் மிதிக்காத பனியை அள்ளித் தின்றேன். பாகு இல்லாத வெறும் பனி. பல் கூசியது. நிமிர்ந்தபோது மதாம் கொட்டகையின் மூலையில் நின்றுகொண்டிருந்தார். தன் பையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பியை எடுத்தார். வெள்ளைப் பூ வைத்துக் கையால் பின்னியது. "இது உனக்காக நான் பின்னியது," என்றார். காற்றில் என் காது மரத்துப் போயிருந்தது. பிடித்து வைத்துத் தந்தால் வாங்கு என்பதுதான் அம்மாவின் சட்டம். "நொன், மெர்சி, மதாம். எனக்குக் குளிராது," என்றேன். பிடித்து வைத்துத் தருவார் என்று தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்தேன். அவர் தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். கம்பளி மடிவதற்கு நிறைய நேரம் எடுத்தது.

எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மதாமும் நானும் மட்டும். பெருஞ்சாலையின் இருபுறமும் பனி அழுக்காகிக் கிடந்தது. லவால் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு ஏறும் இடத்தில், கண்ணை வீதியில் வைத்தபடி மதாம் கேட்டார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்காமல் போய்விடக் கூடாதென்று.

"நீ எங்களோடு இருக்க விரும்புகிறாயா? நீண்ட நாள்? உண்மையைச் சொல். என்ன சொன்னாலும் நான் கோபிக்கமாட்டேன்."

எனக்கு எல்லாச் சொல்லும் விளங்கியது. வகுப்பில் முதல் பிள்ளை நான். அந்த விளக்கு வைத்த மேசை ஞாபகத்துக்கு வந்தது. விடுமுறைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். ஆசை நெஞ்சுக்குள் குதித்தது. ஆகவே, இத்தனை பெரிய விருந்தைத் தரும் ஒருவருக்குச் சொல்லவேண்டிய மரியாதையான பதிலை, பிழையில்லாத பிரெஞ்சில், முழு வாக்கியமாகக் கட்டிச் சொன்னேன்:

"இல்லை, மதாம், மிக்க நன்றி. உங்களுக்குக் கரைச்சல் தர நான் விரும்பவில்லை."

சொல்லிவிட்டு அடுத்த தரத்துக்காகக் காத்திருந்தேன். பாலத்தின் இரும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கண்ணாடியைத் துடைக்கும் தடி போய்வந்தது. மதாம் தொண்டையைச் செருமினார். வானொலியைப் போட்டார்.

எங்கள் குசினியில் அப்பாவும் அம்மாவும் மாமியும் தயாராக இருந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மேசையில் ரோல்ஸும் வாழைப்பழமும். அம்மா மதாமை இருத்தி, "தேத்தண்ணி?" என்றார். அது மதாமுக்கு விளங்கியது. வேண்டாம் என்று கையால் காட்டினார். அம்மா கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி கேட்டார். மதாம் நெஞ்சில் கைவைத்து, இல்லை, உண்மையாகவே வேண்டாம் என்றார். "ஒரு வாய்," என்று அம்மா கோப்பையையே அவர் கையில் வைத்துவிட்டார். மதாம் பாவம், சுடச்சுட, சீனி மூன்று கரண்டி போட்ட தேத்தண்ணியைக் கண் கலங்கக் குடித்தார். எனக்கு உள்ளுக்குள் திருப்தி. இப்படித்தான் கேட்க வேண்டும், பார்த்துப் பழகுங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மதாம் பேச, மாமி தமிழில் சொன்னார்.

"நல்ல பிள்ளையாம். இப்பிடி ஒழுக்கமான பிள்ளையைத் தான் கண்டதில்லையாம். ஆனா அங்கை அவளுக்குப் பிடிக்கேல்லையாம். ஒண்டும் சாப்பிடேல்லையாம். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாதெண்டு பள்ளிக்கூடத்திலை சொல்லித்தான் அனுப்பினவையாம். பின்னின தொப்பியையும் வேண்டாம் எண்டவளாம். படுக்கையிலை படுக்கவுமில்லைப் போலை எண்டுறா. வரேக்கை நேராக் கேட்டவாவாம், இருக்க விருப்பமோ எண்டு. இல்லை எண்டு சொல்லிப்போட்டாளாம்." மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிள்ளையின்ர மனதுக்கு மாறா நாங்கள் எப்பிடி வைச்சிருக்கிறது, அது பாவம் எண்டுறா."

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்."

மாமி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மாமிக்கு விளங்கிவிட்டது. அம்மாவின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கச்சி, நான் இன்னொருக்காக் கதைச்சுப் பாக்கட்டோ? பிள்ளை எங்கட வழக்கத்துக்குச் சொன்னது, கேட்டுப் பாருங்கோ எண்டு சொல்லுறன்."

அம்மா நிமிர்ந்து இருந்தார்.

"வேண்டாம் மாமி," என்றார். "கெஞ்சிப் பிள்ளை குடுக்கிறதோ."

மாமி, "சரி. உன்ர விருப்பம்," என்றார். எழுந்து மதாமின் மேலங்கியை எடுத்துக் கொடுத்தார். வாசலில் மதாம் என்னைக் கட்டிப் பிடித்தார். அவருடைய பைக்குள் கம்பளியின் மெத்தென்ற திரட்சி என் கன்னத்தில் பட்டது. கதவு மூடிக்கொண்டது.

அம்மா சோறு போட்டார். நான் நிலத்தில் இருந்து, முதல் நாள் குழம்பைக் குழைத்து, வாய்க்கும் தட்டுக்கும் இடையில் கை தெரியாத வேகத்தில் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கதை சொன்னேன்: கேக் தந்தவை, வேண்டாம் எண்டன். பாகு தந்தவை, வேண்டாம் எண்டன். தட்டிலை பாதியை விட்டன். அம்மா திரும்பத் திரும்பச் சோறு போட்டார். போதும் என்றாலும் போட்டார். அவருடைய கண்ணிலிருந்து நீர் மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. என்னை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்று நினைத்தேன். ஆகவே இன்னும் கூட்டிச் சொன்னேன்.

மரங்கள் துளிர்க்கும் முன் எங்களை விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியதும் விசாரணைக்கென்று அப்பாவைத் தனியாகக் கூட்டிப் போனார்கள். பல மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவர் லொறியைப் பற்றியோ டிராக்டரைப் பற்றியோ பகிடி விடுகிற ஆள் இல்லை. இரண்டு வருடத்தில் அவர் உயிரோடும் இல்லை. அம்மா என்னை வவுனியாவில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு, வீட்டுவேலைக்குக் குவைத்துக்குப் போனார். அந்த விடுதியின் பொறுப்பாளர் சேர்த்துக்கொள்ள முடியாதென்று ஒரு தரம் சொன்னபோது அம்மா அங்கிருந்து அசையவில்லை. அவர் சரி என்னும்வரை வாசல் படியில் இருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். அப்போது நான் வெட்கத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கே படித்தேன். பிரெஞ்சை விடாமல் வைத்திருந்தேன். உதவித்தொகையில் இதே நகரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறேன். எங்கள் இரண்டு பக்கத்திலும் முதல் பட்டம் என்னுடையதுதான். அதை எழுதும்போது என் தலை தானாக நிமிர்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விடுதிப் படிக்குப் பிறகு அம்மாவோடு ஒரே வீட்டில் நான் இருந்ததில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொலைபேசியில், "சாப்பிட்டியோ?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். நம்பாமல் மறுபடியும் கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது சோறோ கண்ணீரோ அல்ல. அதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்று. "வேண்டாம் மாமி" என்று சொல்லிவிட்டு அம்மா எழவில்லை. கைகளை மடியில் வைத்து, முதுகை நேராக வைத்து, மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி மேலங்கியை எடுக்கப் போனபோதும் அந்தப் பார்வை மாமியோடு கூடவே போனது. மாமி திரும்பி வந்தபோது கூடவே வந்தது. உதடு கொஞ்சம் பிரிந்து, கேட்டால் உடனே சிறிதாகத் தலையாட்டுவதற்குத் தயாராக இருந்தது. மாமி இங்கே வந்து முப்பது வருடம். அவர் ஒரு தரம்தான் கேட்டார்.

அந்த முகத்தை நான் இரண்டு நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கண்ணாடியில் ஒருமுறையும் பார்த்திருக்கவில்லை. ஆகவே அம்மாவிடம் கண்டபோது அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.